கறுவாத் தைலத்துக்குச் சாட்சி சொன்ன கதை

எழுபதுகளின் நடுப்பகுதியில், வெளிநாட்டுச் சாமான்கள் கடைகளில் அருகிப்போயிருந்தபோது, ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் என் அக்கா வேலை பார்த்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. பினைல் கிடைக்காததால், கறுவாப்பட்டை மரத்தின் இலையில் வடித்த தைலத்தைச் சவுக்கார நீரில் கலந்து தரையைத் துடைத்தாள். அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகளுக்குச் சிரங்கு வந்தது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர், எல்லாரும் டாக்டரய்யா என்பார்கள், அக்காவிடம் சொன்னார்:

"வாசம் வேற, சுத்தம் வேற. இந்தத் தைலம் கிருமியக் கொல்லுதுன்னு யாராச்சும் காட்டட்டும். இல்லாட்டி வாற மாசம் நீ மலைக்குக் கொழுந்து பறிக்கப் போ. இங்க வேற ஆளப் போடுறேன்."

அக்காவின் முழங்கால் மலை ஏறும் நிலையில் இல்லை. அந்த 'யாராச்சும்' நான்தான் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. பதுளையில் ரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கறுவா இலைத் தைலத்தில் பெரும்பங்கு இயூஜினோல் என்ற கிருமிநாசினி, கராம்பிலும் அதுவே என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். கிருமியை நேரில் சந்தித்ததுதான் இல்லை.

கிருமி வளர்க்கக் கடற்பாசி வேண்டும், நோன்பு திறக்கும்போது ஜெல்லியாகக் காய்ச்சிக் குடிப்பார்களே, அதேதான். கடைவீதியில் நானா என்று எல்லாரும் கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரிடம் கேட்டேன்.

"நோம்புக்கு இன்னும் மூணு மாசம் கெடக்கு மாஸ்டர். நீங்க எப்பலேருந்து நோம்பு புடிக்கிறீங்க?"

"கிருமிக்குச் சாப்பாடு, நானா."

"நல்லாருக்கு. மனுசனுக்கே சாப்பாடு இல்லாத காலத்துல."

எலும்புச் சாற்றில் கடற்பாசியைக் காய்ச்சி, மூடியுள்ள கண்ணாடித் தட்டில் ஊற்றி, அக்கா துடைக்குமுன் தரையில் ஒற்றியெடுத்த பஞ்சை அதன்மேல் தடவினேன். ஒரே தட்டில் நான்கு காகிதப் பொட்டுகள்: கறுவா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை வாசம் வீசும் மானாப்புல் என மூன்று தைலங்கள், ஒப்பிட்டுப் பார்க்கத் தேங்காய் எண்ணெய். தாராளமாகவே நனைத்தேன். அலுமாரிக்குள் பல்பு எரியவிட்டுச் சூடு காட்டினேன். சேலைகளை அள்ளிக்கொண்டு வெளியேறிய மனைவி, என்னையும் அந்த அலுமாரியிலேயே வைத்துப் பூட்டிவிடுவாள் போலிருந்தது.

இரண்டு நாள் கழித்தும் தட்டு பளிங்காக இருந்தது. ஒரு புள்ளிகூட வளரவில்லை. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, பட்டம் வாங்கப் போகிறவன்போல் போனேன்.

டாக்டரய்யா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேங்காய் எண்ணெயச் சுத்தியும் ஒண்ணுமே மொளக்கலியே மாஸ்டர். அப்ப அதுவும் கிருமியக் கொல்லுதா?"

நான் தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து முழித்தேன். அக்கா முந்திக்கொண்டாள். "படிச்சவனக் கூட்டியாந்தா எனக்கு எதிரா சாட்சி சொல்றான்."

திரும்பும் வழியில், பண்டாரவளை தாண்டும்போதுதான் உறைத்தது. இந்தத் தைலங்கள் ஆவியாகிறவை. அவற்றை மணக்க வைப்பதே அந்தக் குணம்தான். மூடிக்குள் மூன்றின் ஆவியும் நிறைந்து, தட்டு முழுவதையும் ஒன்றாகக் கொன்றிருக்கிறது. எந்தத் தைலம் கொன்றது என்று யார் கண்டது?

அடுத்த வாரம் தைலத்துக்கு ஒரு தட்டு. பொட்டுக்கு ஒரே துளி. தேங்காய் எண்ணெய்த் தட்டு முழுக்கக் கிருமி. மூக்கை உலுக்கும் யூக்கலிப்டஸைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம். மானாப்புல்லுக்கு அதைவிடக் கொஞ்சம் அகலம். கறுவா இலையைச் சுற்றி மட்டும் ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிய வெற்றிடம்.

டாக்டரய்யா தலையாட்டினார். "தட்டு சரி. ஆனா பிள்ளைங்க தட்டுல தவழலியே."

நியாயமான மனிதர், அதனால்தான் எரிச்சல் வந்தது. அவர் கண்முன்னே அக்கா தரையைத் துடைத்தாள்; துடைக்குமுன் ஒரு பஞ்சு, காய்ந்தபின் ஒரு பஞ்சு எடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவரிடம் கொண்டுபோனபோது, முதல் தட்டில் கிருமி தயிர்போல் உறைந்திருந்தது. இரண்டாவதில் ஐந்தாறு புள்ளிகள்.

"சரி, நீயே இரு," என்றார் அக்காவிடம். "தைலம் தரைக்கு மட்டும், பிள்ளைங்க தோல்ல பட்டா எரியும். அப்புறம், ஒரே துவாயால எல்லா மூஞ்சியும் தொடைக்கிறத நிப்பாட்டு. சிரங்கு பரவுறது அதுலதான்."

அவர் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீ மொத தட்டோட வந்து முழிச்ச முழியில, நான் கொழுந்துக் கூடையத் தொடச்சு வச்சுட்டேன்."

அன்று மாலையே பழைய சேலையொன்றைக் கிழித்து, பிள்ளைக்கு ஒரு துண்டு என்று ஓரம் தைக்க உட்கார்ந்தாள். எனக்கு ஊசியில் நூல் கோக்கும் பொறுப்பு வந்தது. அதையும் இரண்டாம் முறைதான் சரியாகச் செய்தேன்.