கம்பங்காட்டில் தொங்கிய சிடிகள்

பரளச்சி போகிற சாலையில் இருக்கும் பொன்ராஜ் அண்ணாச்சியின் எடைமேடையைத் தெரியாத லாரி டிரைவர் அந்தப் பக்கம் கிடையாது. அண்ணாச்சிக்குத் தெரியாத ரிப்பேரும் கிடையாது. இது ஊர் சொன்னதல்ல, அண்ணாச்சியே சொன்னது. மிக்ஸி, மோட்டார், ஸ்கூட்டர், எது நின்றாலும் முதல் வேலையாகக் கழற்றிவிடுவார். திரும்ப மாட்டிய பிறகு எப்படியும் ரெண்டு திருகாணி மிச்சம் இருக்கும். "கம்பெனிக்காரன் தேவையில்லாமப் போட்டிருக்கான்" என்று அவற்றை ஒரு டப்பாவில் போட்டு வைப்பார். முதல் டப்பா நிறைந்து இப்போது இரண்டாவது டப்பா ஓடிக்கொண்டிருக்கிறது.

கார்த்திகை மாதம் ஒரு இடி மழையில் கரண்ட் போய்விட்டு வந்தது. எடைமேடைக் கம்ப்யூட்டர் மட்டும் திரும்பி வரவில்லை. கறுப்புத் திரையில் கொஞ்சம் எழுத்து ஓடும், பாதியில் அப்படியே நின்றுவிடும். லாரியை ஏற்றினால் எடை காட்டத்தான் செய்தது, சீட்டு அடிக்கத்தான் வழியில்லை. சீட்டில்லாத எடையை யார் நம்புவார்கள்? கரிமூட்டை லாரிகள் பைபாஸ் பக்கம் இருக்கிற வேறு எடைமேடைக்குத் திரும்பின.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் சுவாதிக்கு விஷயம் போயிற்று. "நான் ஞாயித்துக்கிழமை வாரேன்பா" என்றாள். "அதுக்குள்ள சரியாகலேன்னா எடைமேடையக் குத்தகைக்கு விட்ருங்க. நீங்களும் அம்மாவும் எங்கூட வந்து இருங்க. இம்புட்டு வருசம் அலைஞ்சது போதும்."

மகள் பாசத்தில்தான் சொன்னாள். ஆனால் அண்ணாச்சிக்கு அது சரிப்படவில்லை. சுவாதியின் வீட்டை ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறார். அங்கே எல்லாப் பொருளுக்கும் வாரண்டி இருக்கிறது. எதையும் திறந்து பார்க்க விடமாட்டாள். அந்த வீட்டில் ஒரு மனுஷன் உட்கார்ந்து என்னதான் செய்வது?

"நானே பாத்துக்கிறேன்" என்றார்.

வழியையும் சுவாதியே சொல்லியிருந்தாள். எடைமேடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடுவது லினக்ஸ். அதை ஒரு சிடியில் எழுதி, அந்த சிடியிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்பிவிட்டால், உள்ளே கெட்டுப்போன டிஸ்க்கைச் சரிபார்த்துவிடலாம். பென்டிரைவை அந்தக் கிழட்டுப் பெட்டி மதிக்காது. சிடி எழுத, பிளஸ் டூ படிக்கும்போது சுவாதிக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப் வீட்டில் இருந்தது. அதிலும் லினக்ஸ் உண்டு. அண்ணாச்சி ஒரு காலத்தில் கல்யாண வீடியோக்களை சிடி போட்டு விற்றவர் என்பதால், எழுதுகிற டிரைவும் எழுதாத சிடிகளும் பரணில் கிடந்தன.

முதல் சிடியில், இறக்கி வைத்த லினக்ஸ் ஃபைலை அப்படியே காப்பி அடித்தார். கம்ப்யூட்டர் அசையவில்லை. யூட்யூபில் ஒரு பையன், ஃபைலாகப் போடக்கூடாது, இமேஜாகப் பிரித்து எழுத வேண்டும் என்று விளக்கினான். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி கஸ்தூரிக்கு உடனே புரிந்துவிட்டது.

"மாவ ஊத்தாம, மாவுச் சட்டியவே இட்லிக் கொப்பரைக்குள்ள வச்சிருக்கீக" என்றாள்.

அண்ணாச்சி அதைக் காதில் வாங்காதவர் போல அடுத்த சிடியை எடுத்தார். இந்த முறை சரியாக எழுதினார். ஆனாலும் கம்ப்யூட்டர் பழைய இடத்திலேயே போய் நின்றது. வேகமாக எழுதியதுதான் கோளாறு என்று முடிவு செய்து மெதுவாக எழுதினார். அதுவும் ஆகவில்லை. ராகு காலத்தில் எழுதியது நினைவுக்கு வர, நல்ல நேரம் பார்த்து ஒன்று எழுதினார். லினக்ஸ் ராகு காலத்தையும் மதிக்கவில்லை, நல்ல நேரத்தையும் மதிக்கவில்லை.

இதில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் கருத்தப்பாண்டி. எடைமேடைக்குப் பின்னால் அவன் கம்பு போட்டிருந்தான். கதிர் பால் பிடித்த நேரம், கிளி வந்து மொய்த்துக்கொண்டிருந்தது. முதல் சிடியைக் கேட்டு வாங்கிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டான். வெயிலில் அது மின்னிய மின்னலில் அந்த மூலைக்குக் கிளி வரவில்லை. அன்றிலிருந்து காலையும் மாலையும் வந்து வாசலில் நிற்பான்.

"என்ன அண்ணாச்சி, ஆச்சா?"

"ஆகல."

"அதனாலென்ன, இங்கிட்டுக் குடுங்க."

அண்ணாச்சியின் ஒவ்வொரு தோல்வியும் இப்படிக் கம்பங்காட்டில் போய் ஆடியது. சாலையில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரியும்.

சனிக்கிழமை பரணில் மிச்சமிருந்த கடைசி சிடியும் எழுதியாகிவிட்டது. அதை உள்ளே போட்டு, சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்துவிட்டு, சுவிட்சைத் தட்டினார். எழுத்து ஓடி, வழக்கமான இடத்தில் நின்றது. அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்தார். நிஜமாகவே அழுகை வரும்போல இருந்தது. மீண்டும் ஒருதரம் அணைத்துப் போட்டார். வாசலில் நின்ற கருத்தப்பாண்டிக்கு அதுவரை பொறுமை இல்லை. உள்ளே வந்து, டிரைவின் தட்டைத் திறந்து சிடியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினான்.

சிடி இல்லாமலே கம்ப்யூட்டரில் எழுத்து ஓடியது. அதே எழுத்து. அதே இடத்தில் நின்றது.

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். சிடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி நிற்கிறது என்றால், இந்தப் பெட்டி இத்தனை நாளும் சிடியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அணைத்துப் போட்டு, தொடக்கத்திலேயே ஒரு பொத்தானை அமுக்கி, செட்டிங்ஸ் இருக்கும் நீலத் திரைக்குள் நுழைந்தார். எழும்பும்போது எதை முதலில் பார்ப்பது என்ற வரிசையில் பழைய டிஸ்க் முதலில் இருந்தது. சிடி கடைசியில் இருந்தது. இடம் மாற்றிவைத்தார்.

அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பங்காட்டுக்கு ஓடினார்.

"தர மாட்டேன் அண்ணாச்சி" என்றான் கருத்தப்பாண்டி. "இந்த மூலைக்கு இது ஒண்ணுதான்."

"ஏப்பா, காலுல விழணுமா? காலைல திருப்பித் தாரேன்."

அவிழ்த்து வந்த சிடியைச் சட்டையில் துடைத்து உள்ளே போட்டார். டிரைவ் உறுமியது. விளக்கு மினுக்கியது. லினக்ஸ் நிதானமாக எழுந்து வந்து நின்றது. டிஸ்க்கைச் சரிபார்த்து முடித்ததும், சிடி இல்லாமலே கம்ப்யூட்டர் எழுந்து சீட்டு அடித்தது. கஸ்தூரியை மேடையில் ஏறி நிற்கச் சொல்லிச் சோதித்துப் பார்க்க நினைத்தார். அவள் பார்த்த பார்வையில் அந்த யோசனையைக் கைவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சுவாதி பஸ்ஸை விட்டு இறங்கியபோது மேடையில் ஒரு கரி லாரி நின்றது. அண்ணாச்சி சீட்டைக் கிழித்து டிரைவரிடம் கொடுத்துவிட்டு, மகளை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"மொத சிடியிலயே எந்திரிச்சிருச்சும்மா."

"அப்படியாப்பா" என்றாள் சுவாதி. காபியை வாங்கி நிதானமாகக் குடித்தாள். "பாண்டி அண்ணன் காட்டுல கம்பு நல்லா வெளஞ்சிருக்கு. பஸ்ஸுலருந்தே பாத்தேன். காடு பூரா பளபளன்னு மின்னுது. ஒரு கிளியக் காணோம்."

கஸ்தூரி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அண்ணாச்சி திருகாணி டப்பாவைத் திறந்து எதையோ மும்முரமாகத் தேடினார்.

குத்தகைப் பேச்சை எப்போது எடுப்பாளோ என்று காத்திருந்தார். அவள் எடுக்கவில்லை. பையைத் திறந்து ஒரு அயர்ன்பாக்ஸை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"சூடே ஏற மாட்டேங்குதுப்பா. வாரண்டி முடிஞ்சிருச்சு. என்னன்னு பாக்கிறீகளா?"