மீன்கடைக் கானும் சல்மன் முட்டையும்

முழங்கால் தண்ணீரில் நின்று வேலை செய்கிறவளுக்குக் கரையில் நிற்கிற எல்லோரும் மனேஜர்தான். கனடாவில், ஸ்காபரோ ஓடைகளில் சல்மன், ட்ரவுட் மீன்கள் சுகமாக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. வெளியில் நின்று உழைத்து, வழியில் போகிறவர்களிடம் புத்திமதி வாங்கியிருப்பீர்களானால், என் பாடு உங்களுக்கு விளங்கும்.

சாகப்போகிற மீன்

இலையுதிர்காலத்தில் சல்மன் ஏரியிலிருந்து ஓடைக்கு ஏறி வரும். பெண்மீன் வாலால் கல்லைக் கிளறிக் குழி பறித்து, முட்டையிட்டு மூடிவிட்டு, கொஞ்ச நாளில் செத்துப்போகும். அந்தக் குழிகளை யாரும் மிதிக்காமலிருக்கப் பக்கத்தில் நான் அடையாளக் கொடி நட்டுக்கொண்டிருந்தபோது பாலத்தில் நின்ற அண்ணை ஒருவர் என் ஊரை விசாரித்தார். பிறகு மெதுவாக, சினை மீன் ஒன்று பிடிக்கலாமோ என்றார். கூடாது, சட்டம் விடாது என்றேன். அவருக்கு மனம் ஆறவில்லை.

"எப்பிடியும் சாகப்போற மீன்தானே தங்கச்சி. சும்மா செத்தால் ஆருக்குப் பிரயோசனம்?"

பச்சைத் தண்ணி

எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கும் பிளாசாவுக்குப் பின்னால் ஒரு குழாய் ஓடையில் விழுகிறது. அதற்குக் கீழேதான் நிறையக் குழிகள். ஒரு சனிக்கிழமை அங்கே பிளீச் மணத்தது. சின்ன ட்ரவுட்டுகள் வயிறு தெரிய மிதந்தன. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மேலே ஏறிப் பார்த்தால், நான் வழமையாக மீன் வாங்கும் கடையின் முதலாளி சிவா அண்ணை. கார் நிறுத்துமிடத்தில் மீன்பெட்டிகளைப் பிளீச் ஊற்றிக் கழுவி, தும்புத்தடியால் தண்ணீரை மழைநீர் வடிகிற கானுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

கானுக்குள் போனதையெல்லாம் கவுன்மென்ற் சுத்தம் செய்யும் என்பது நம்மவர்களின் அசையாத நம்பிக்கை. இது நேரே ஓடைக்குத்தான் போகிறது என்று சொன்னேன், சிரித்தார். மீனுக்குத் தீங்கு செய்யாத பச்சைச் சாயத்தை அதே கானுக்குள் ஊற்றி, அவரைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குழாய் பச்சையாகக் கொட்டியது. குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உது பக்கத்துக் கடைக்காரற்ற பச்சையாயிருக்கும்."

காட்டிக்கொடுத்தவள்

அடுத்த சனிக்கிழமையும் பிளீச் மணத்தது. நான் நகரசபையில் முறைப்பாடு கொடுத்தேன், சிவா அண்ணைக்கு அபராதம் விழுந்தது. கோயில் சாப்பாட்டு வரிசையில் ஓர் அன்ரி, எங்கட சனத்தையே காட்டிக்கொடுக்கிறாய் என்றார். ஊரில் சண்டைக் காலத்தில் உயிர் குடித்த அந்தச் சொல் எங்களுக்குள் எவ்வளவு பாரமானது என்று உங்களுக்குத் தெரியும். சுட்டது. ஆனாலும், அந்தக் குழிக்குள் கிடக்கிற முட்டைக்கு வாயில்லை, திரும்ப ஊற்றினால் திரும்பவும் சொல்லுவன் என்றேன். வரிசையில் என் இடத்தையும் விடவில்லை.

பெட்டிகளை இப்போது கடைக்குள்ளே கழுவுகிறார்கள். அதை என் கண்ணால் பார்க்க வேண்டுமென்றே போனேன். போனதுதான் போனேன், விளைமீன் இருக்கோ என்றும் கேட்டேன். ஐஸ் நிறைய மீன் கிடந்தது. சிவா அண்ணை கத்தியைத் துடைத்தபடி சொன்னார்:

"மீன் இருக்கு தங்கச்சி. உங்களுக்கு இல்லை."

விளைமீனுக்கு இப்போது நகரத்தைத் தாண்டிப் பிறம்ரன் வரை கார் ஓட வேண்டியிருக்கிறது. ஆனால் இந்த வசந்தத்தில் அந்தக் குழாய்க்குக் கீழே சல்மன் குஞ்சுகள் துள்ளுவதைப் பார்த்துவிட்டேன், அதனால் நாட்டின் மறுகோடியில் இருக்கிற வன்கூவர் வரை ஓடவும் நான் ரெடி.