லினன் ரூமில் விடியவில்லை

கொழும்பு ஸ்டீமரில் ரைட்டர் வேலைக்குச் சேரப்போகும் பி.ஏ.க்களுக்கு முதலில் ஒரு தகவல். உங்கள் பி.ஏ. கரையோடு நின்றுவிடும், கூட வராது. என்னுடையது லாஞ்ச் ஏறிய பத்தாவது நிமிஷத்தில், காலையில் தின்ற நாலு இட்லியோடு கடலில் போய்விட்டது.

தூத்துக்குடியில் கடல் ஆழம் கிடையாது. ஸ்டீமர் ஆறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் தபாலும் லாஞ்சில் போகவேண்டும், சரக்கு தோணியில் போகும். யுத்தம் முடிந்த மறுவருஷம், கோட்டும் டையுமாக நான் அந்த ஆறு மைலைக் கடந்து, கயிற்றைப் பிடித்து ஏணியேறி மேல்தட்டில் உட்கார்ந்தேன். நின்றேன் என்று எழுதத்தான் ஆசை.

டெக் ஆட்களுக்கெல்லாம் தலைவர் காதர் சாரங்கு. காயல்பட்டணத்துக்காரர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதான் புது ரைட்டரா? ஏன் வே முகம் பச்சையா இருக்கு?"

"கப்பல் ரொம்ப ஆடுது சாரங்கு."

"கப்பல் இன்னும் கிளம்பவே இல்ல வே."

1. ஆபீஸ் ஆர்டரில் இல்லாத சலுகைகள்

ரைட்டரின் வேலை சுலபம். பயணிகள் லிஸ்ட் எழுதவேண்டும், டிக்கெட்டில் முத்திரை குத்தவேண்டும், ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணவேண்டும். ஊர் வந்ததும் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு முதல் லாஞ்சில் ஏஜெண்ட் ஆபீசுக்குப் போகவேண்டும். இதெல்லாம் ஆர்டரில் இருக்கும். சலுகைகள் இருக்காது. அதனால் சொல்கிறேன்.

கடல் கொந்தளித்தால் சலூன் கிளாஸ் என்கிற முதல் வகுப்புத் துரைமார் சாப்பாட்டு மேஜைக்கு வரமாட்டார்கள். வந்தாலும் சூப்போடு எழுந்து ஓடிவிடுவார்கள். மேஜை முழுக்கக் கோழியும் புட்டிங்கும் அப்படியே நிற்கும். கரையில் ரேஷன் அரிசிக்குக் கியூ நிற்கிற காலத்தில், ஐப்பசி கார்த்திகையில் நான் எட்டு பவுண்டு ஏறினேன். ஆகவே வானிலை அறிக்கையைத் தினமும் படியுங்கள்.

என்ஜின் ரூம் பக்கத்தில் ஒரு குழாயில் எந்நேரமும் வெந்நீர் வரும். உப்புத் தண்ணீர் இல்லை, நல்ல தண்ணீர். காலை ஐந்தரைக்கு வாளியோடு போனால் உண்டு, ஆறு மணிக்குப் போனால் கரி அள்ளிப்போடுகிற ஃபயர்மேன் எல்லோரும் குளித்து முடித்திருப்பார்கள்.

முதல் லாஞ்சில் கூரைக்குக் கீழே முன் பெஞ்சு ரைட்டருக்கு. கூட ஒரு ஆளையும் உட்கார வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் வெயிலில் அடுத்த லாஞ்சுக்குக் காத்திருக்கும்போது, நீங்கள் பீச் ரோட்டில் காபி குடித்துக்கொண்டிருப்பீர்கள்.

இனி, ஒதுங்குகிற இடங்கள். புகைபோக்கிக்குப் பின்னால் கதகதப்பாக இருக்கும், வேட்டி அரைமணியில் காயும். காற்று திரும்பினால் அதே வேட்டியைக் கரிமூட்டைக்காரனுக்குத்தான் கொடுக்கவேண்டும். லைஃப் போட்டின் கித்தானுக்கு அடியில் தூங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே துடுப்பு இருக்கும், முதுகில் அதன் அச்சு ஒரு வாரம் இருக்கும். உருளைக்கிழங்குப் பெட்டி மேல் படுக்கலாம். குளிர்ச்சி. வாசனையைப் பழகிக்கொள்ளவேண்டும்.

இதெல்லாம் இரண்டாம் தரம். முதல் தரம் ஒன்றே ஒன்றுதான்.

2. லினன் ரூம்

சலூன் பாத்ரூம் இரண்டுக்கும் நடுவில், படுக்கை விரிப்பும் துண்டும் அடுக்கிவைக்கிற அறை. மூன்று சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை துணி அடுக்கு. நடுவில் ஆறடி பெஞ்சு, மேலே ஒரு பல்பு. ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் என்ஜின் சத்தம் கேட்காது, மணி கேட்காது, நங்கூரச் சங்கிலி இறங்குவதுகூடக் கேட்காது. கப்பலில் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். எனக்கு அங்கேதான் வாந்தி நின்றது.

கதவுக்கு உள் தாழ்ப்பாள் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே போகிறவர் வெளியே ஆணியில் ஒரு துண்டைத் தொங்கவிடுவார். துண்டு தொங்கினால் யாரும் திறக்கக்கூடாது, தட்டக்கூடாது, அந்தப் பக்கம் இருமக்கூடக் கூடாது. யார் என்று கேட்பது மரியாதை இல்லை. சாரங்கிலிருந்து கேப்டன் வரை இதை மீறியவர் இல்லை.

நேரமும் பிரித்து வைத்திருந்தார்கள். ராத்திரி யாருக்கு முறையோ அவருக்கு. காலை எட்டு மணிக்கு மேல் செகண்ட் இன்ஜினியருக்கு. அவர் நாலிலிருந்து எட்டு வரை என்ஜினோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவர், மெட்ராஸ் ஆங்கிலோ-இந்தியர், ஆறடி இரண்டங்குலம். அவர் தூக்கத்தைக் கெடுக்க யாருக்கும் தோன்றியதில்லை.

3. ஒரு தலை குறைவு

கொழும்பிலிருந்து திரும்புகிற ஒரு டிரிப். சாயங்காலம் டிக்கெட்டில் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். கையில் ஒரு கட்டு நோட்டுப் புத்தகத்தோடு ஒரு பெண் வந்து நின்றார். பெயர் கிரேஸ். நாசரேத்துக் குடும்பம், அப்பாவுக்குக் கொழும்பில் கடை. சாத்தான்குளத்து அக்கா ஒருவர் துணைக்கு வந்திருந்தார்.

"சார், டெக்ல எங்கயாச்சும் சத்தமில்லாத இடம் இருக்கா? நான் ஒரு பாடம் தயார் பண்ணணும்."

டெக்கில் நூற்றெழுபது பேர், பதினைந்து கைக்குழந்தை, இரண்டு கூண்டுக் கோழி. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலை பதினோரு மணிக்குத் தூத்துக்குடி மிஷன் பள்ளிக்கூடத்தில் அவருக்கு இன்டர்வியூ. ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்டவேண்டும். ஒரே இடம், மூன்று பேர் போட்டி. தலைமை ஆசிரியையான வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா நேரம் தவறினால் பெயரை அடித்துவிடுவார். இது கிடைக்காவிட்டால் திரும்பிப்போய்க் கடையில் பில் போடவேண்டியதுதான், அப்பா சொல்லி அனுப்பியிருந்தார்.

"கவலைப்படாதீங்க டீச்சர். கப்பல் ஆறரைக்கே போயிரும். என்கூட முதல் லாஞ்ச்ல வாங்க, ஒம்பது மணிக்கெல்லாம் கரையில இருக்கலாம்."

"இன்னும் டீச்சர் ஆகல. நாளைக்குப் பதினோரு மணிக்கு மேல அப்படிக் கூப்பிடுங்க."

அன்று ராத்திரி லினன் ரூம் என் முறை. கொடுத்துவிட்டேன். டெக் பயணியைச் சலூன் பக்கம் விடக்கூடாது என்பது சட்டம். எனக்குச் சட்டம் தெரியும். பி.ஏ. வேறு.

அக்கா முதலில் உள்ளே போய்ப் பார்த்தார். துணி அடுக்கைத் தட்டிப் பார்த்தார்.

"பீரோவுக்குள்ள இருக்க மாதிரி இருக்கு. ஒரு ஈ காக்கா வராது. போய்ப் படிளா."

நான் ஆணியில் துண்டைத் தொங்கவிட்டு, வழக்கத்தை விளக்கினேன். "விடிஞ்சதும் துண்டை எடுத்து உள்ள வச்சிருங்க. துண்டு இல்லன்னா நீங்க ரெடின்னு அர்த்தம். நான் வந்து தட்டுவேன். அது வரைக்கும் வெளிய வராதீங்க, யாராச்சும் பாத்தா எனக்கு வேலை போயிரும்."

"சரி சார்."

இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

காலை ஆறரைக்கு நங்கூரம் போட்டோம். மேற்கே மாதா கோயில் கோபுரமும் உப்புக் குவியலும் தெரிந்தன. நான் லினன் ரூமுக்குப் போனேன். துண்டு தொங்கிற்று. தூங்கட்டும் என்று வந்துவிட்டேன். துறைமுக டாக்டர் லாஞ்சில் வந்து, டெக் பயணிகளை வரிசையில் நிறுத்தி, நாக்கை நீட்டச் சொல்லிக்கொண்டே போனார். முடிந்தபோது மணி எட்டேகால்.

"லிஸ்ட்ல நூத்தி எழுபத்தி மூணு. இங்கன நூத்தி எழுபத்தி ரெண்டு நாக்குதான் இருக்கு. மிச்ச ஒண்ணு எங்கவே?"

"இப்ப வந்துரும் டாக்டர்."

ஓடினேன். துண்டு தொங்கிற்று. எட்டு மணிக்கு மேல் தொங்குகிற துண்டு செகண்டுடைய துண்டு. அதில் சந்தேகமே இல்லை. ஆகவே கிரேஸ் எழுந்து போய்விட்டார். ஆனால் எங்கே?

"ஆள் கணக்கு சேராம மஞ்சள் கொடியை இறக்க மாட்டேன்" என்றார் டாக்டர். நோய்ச் சோதனை முடியும்வரை கொடிமரத்தில் பறக்கிற கொடி அது. "கொடி இறங்காம ஒரு குஞ்சும் லாஞ்ச்ல ஏறக்கூடாது."

சாரங்கு ஆட்களை அனுப்பினார். லைஃப் போட்டைத் திறந்தார்கள். உருளைக்கிழங்குப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். கோழிக்கூண்டுக்குப் பின்னால்கூடப் பார்த்தார்கள்.

"பி.ஏ. படிச்ச புள்ளைக்கு நூத்தி எழுபத்தி மூணு எண்ணத் தெரியலயே" என்றார் சாரங்கு. "எங்க வீட்டுல ஆடு மேய்க்கிறவன் சரியா எண்ணுவான்."

சாத்தான்குளத்து அக்கா என் சட்டையைப் பிடித்தார். "உம்ம கையிலதானே விட்டுட்டுப் போனேன்? அந்த பீரோ ரூம்ல பாத்தீரா?"

"பாத்துட்டேன்கா. அங்கன இப்ப வேற ஆள் தூங்குதாரு."

"கதவைத் திறந்து பாத்தீரா?"

"துண்டு தொங்குதுக்கா."

"துண்டு தொங்குனா?"

வெளியாளுக்கு இதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. சாரங்கைப் பார்த்தேன். அவரும் தலையாட்டினார். துண்டு தொங்கினால் திறக்கமுடியாது, அவ்வளவுதான்.

மணி ஒன்பதரை. நான் கம்பி ஓரமாகப் போய், விழுந்திருப்பாரோ என்று கடலைப் பார்த்தேன். ஒரு முறைக்கு மேல் பார்க்கவில்லை. பயணிகள் லிஸ்டில் கிரேஸின் பெயரை நான்தான் எழுதியிருந்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

அப்போதுதான் பெயிண்ட் ஸ்டோர் பக்கமிருந்து செகண்ட் இன்ஜினியர் வந்தார். கன்னத்தில் கயிற்று முறுக்கு அப்படியே பதிந்திருந்தது.

"இன்னாப்பா சத்தம்? ஒரு மன்சன் கயித்து மேலகூடத் தூங்க முடியல."

"நீங்க லினன் ரூம்லதானே இருந்தீங்க?" என்றேன்.

"எங்க இருந்தேன்? எட்டு மணிக்கு வந்தா துண்டு தொங்குது. என் டைம்ல தொங்கவிட எவனுக்கு தைரியம்? கேப்டனாத்தான் இருக்கும்னு வந்துட்டேன்."

எல்லோரும் நிமிர்ந்து, கேப்டனின் மேடையான பிரிட்ஜைப் பார்த்தோம். கேப்டன் அங்கே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. நாங்கள் போய்ச் சேரும்போது கதவு திறந்திருந்தது. கிரேஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தலை சீவி, சேலைக்கு ஊசி குத்தி, நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து, டிரங்குப் பெட்டியைப் பக்கத்தில் வைத்து, புறப்படத் தயாராக இருந்தார்.

"விடிஞ்சிட்டா சார்?"

ஜன்னல் இல்லாத அறை. உள்ளே இருப்பவர்களுக்கு விடிந்தது தெரியவே தெரியாது. கையில் கடிகாரமும் இல்லை. பாடத்தை ஒன்பது தரம் நடத்திப் பார்த்தாராம். நான் துண்டு எடுபடக் காத்திருந்தேன், அவர் நான் தட்டக் காத்திருந்தார்.

டாக்டர் நாக்கைப் பார்த்தார். "நல்லா இருக்கு. இந்தப் பையன் நாக்கைத்தான் அறுக்கணும்" என்று கையெழுத்துப் போட்டார்.

4. லெட்டர்ஹெட்

லாஞ்ச் பத்து மணிக்குப் புறப்பட்டது. எதிர்க்காற்று. கரையோரத்து முயல் தீவு பக்கத்தில் இருக்கிற மாதிரி தெரிந்துகொண்டே இருந்தது, வரவில்லை. கிரேஸ் முன் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து கரையைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"நீங்க எந்த காலேஜ்ல பி.ஏ. பண்ணுனிய?"

சொன்னேன்.

"ம்" என்றார். அந்தக் கல்லூரிக்கு அதைவிடப் பெரிய அவமானம் வந்திருக்காது.

காகிதக் கட்டில் கம்பெனி லெட்டர்ஹெட் இருந்தது. "கப்பல் லேட்டுன்னு ஒரு லெட்டர் தாரேன். மிஸ்ஸியம்மா கிட்ட காட்டுங்க."

"கப்பல் லேட் இல்லையே சார். ஆறரைக்கே வந்துட்டு. அந்தம்மா ஏஜெண்ட் ஆபீஸ்ல விசாரிச்சா நான் பொய் சொன்னவ ஆயிருவேன். பொய் சொன்னவளுக்குப் பிள்ளைகளைக் குடுப்பாகளா?"

"பின்ன என்ன எழுத?"

"நடந்ததை எழுதுங்க. உங்க பேரையும் போடுங்க."

நடந்ததை எழுதினால், டெக் பயணியைச் சலூன் பக்கம் விட்டது, லினன் ரூமில் படுக்கை போட்டது, கப்பலே அதில் பங்கு போட்டுத் தூங்குவது எல்லாம் கம்பெனித் தாளில் ஏறிவிடும். ஒரு அலை வந்து தாளை நனைத்தது. அது போதும் என்று விட்டுவிடலாமா என்று பார்த்தேன். அவர் கட்டிலிருந்து இன்னொரு தாளை உருவிக் கையில் கொடுத்தார். எழுதினேன். முழுப்பெயர், பதவி, கையெழுத்து.

ஜட்கா பிடித்துப் பள்ளிக்கூடம் போனபோது பதினொன்று இருபத்தைந்து. மற்ற இரண்டு பேரும் முடித்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். மிஸ்ஸியம்மா கடிதத்தை நின்றபடி படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார். கிரேஸை வகுப்புக்குள் அனுப்பினார். பிறகு என்னிடம் வந்தார். அவர் தமிழ் வேதாகமத் தமிழ்.

"இந்த அறை மெய்யாகவே அவ்வளவு அமைதியானதோ?"

"ஆமாம் அம்மா."

"அடுத்த மாதம் நான் விடுமுறைக்குச் சீமைக்குப் புறப்படுகிறேன். கொழும்பு வரை உங்கள் கப்பலில்தான் வருவேன். அந்த அறை எனக்கு வேண்டும்."

அவர் அதை ஏஜெண்டுக்கு எழுதியும் கேட்டார். என் கடிதத்தையும் கூடவே வைத்து அனுப்பினார்.

வேலை கிரேஸுக்குக் கிடைத்தது. பாடம் நன்றாக இருந்ததால் என்று அவர் சொல்கிறார். அப்படித்தான் இருக்கும், ஒன்பது தரம் நடத்திப் பார்த்த பாடம். எனக்கு வேலை போகவில்லை, ஏஜெண்ட் அரைமணி கத்தியதோடு சரி. லினன் ரூம்தான் போயிற்று. துணிகளை வேறு இடத்துக்கு மாற்றி, ஜன்னல் வெட்டி, பூட்டுப் போட்டு, சலூன் பயணிகளுக்குத் தனி அறையாக விடுகிறார்கள். துணி போனதும் அமைதியும் போய்விட்டது, ஆனால் அதை யாரும் பயணிகளிடம் சொல்வதில்லை. செகண்ட் இன்ஜினியர் இப்போது எட்டு மணிக்கு மேல் என் ஆபீஸ் மேஜை மேல் படுத்துத் தூங்குகிறார். நான் லிஸ்ட்டை நின்றுகொண்டு எழுதுகிறேன். சாரங்கு மூன்று டிரிப் என்னோடு பேசவில்லை. நாலாவது டிரிப்பில் பேசினார், திட்டுவதற்கு.

புதிதாக வருகிறவர்களுக்கு இதிலிருந்து சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கப்பலில் ஆளுக்கொரு மரியாதை உண்டு, பழகிக்கொள்ளுங்கள். ஆனால் கணக்கில் ஒரு தலை குறைந்தால், திறக்கக்கூடாது என்று சொன்ன கதவை முதலில் திறந்துவிடுங்கள். உள்ளே யார் இருந்தாலும் மன்னிப்புக் கேட்க ஒரு நிமிஷம்தான் ஆகும்.