முன்பலகைக்குக் கீழே கட்டிய மண்ணெண்ணெய்ப் போத்தல்

போன கிழமை உங்களில் யாரோ சைக்கிள் சங்கிலி கழுவுவதற்கு வள்ளத்தில் கட்டியிருந்த போத்தலிலிருந்து மண்ணெண்ணெய் எடுத்திருக்கிறீர்கள். அதற்கு நான் போட்ட சத்தம் உங்களுக்குப் புதினமாக இருந்திருக்கும். சின்னவள், "அது என்ன தீர்த்தமோ அப்பா, தொடக்கூடாதெண்டு?" என்று கேட்டாள். அதற்குத்தான் இந்தப் பதில். வாயால் சொன்னால் நடுவில் நிறுத்திவிடுவேன் என்று தெரிந்ததால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழைகளைத் திருத்தி வாசியுங்கள்.

அது சண்டைக் காலம். தாழ்வுபாட்டுக் கரையில், நாங்கள் வள்ளம் இழுத்துவிடும் இடத்திலேயே ஆமிக்காரரின் காவலரண், ஒரு சென்றி, இருந்தது. காலை ஆறு மணிக்கு அடையாள அட்டையை அங்கே கொடுத்துவிட்டுத்தான் கடலில் இறங்கலாம். பின்னேரம் நான்கு மணிக்கு முன் திரும்பி வந்து, முகத்தைக் காட்டி அட்டையை வாங்க வேண்டும். ஒரு வள்ளம் பிந்தினாலும் அடுத்த நாள் ஒருவருக்கும் கடல் இல்லை. எங்கள் கரையில் அப்போது நாற்பது வள்ளத்துக்கு மேல். ஒருவன் பிந்தினால் நாற்பது வீட்டு அடுப்பு நூர்ந்து அணையாமல் என்ன செய்யும்? அதனால் மூன்று மணி ஆகும்போதே எல்லோரும் கரையைப் பார்த்து வந்துவிடுவோம்.

எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெயும் அளந்துதான் கிடைத்தது. கிழமைக்கு ஒரு சின்னக் கான். அதை மிச்சம் பிடிக்க நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். வைகாசியிலிருந்து சோளகக் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். போகும்போது எஞ்சினில் போவோம். வரும்போது எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாயை விரித்தால், காற்றே வீட்டு வாசலில் கொண்டுவந்து விடும். நான்கு ஐந்து மாதம் இப்படியே வந்து பழகினால், காற்று என்பது நம்மை வீட்டுக்குக் கூட்டிவருவதற்காகவே இருப்பது என்று மனம் நம்பிவிடும்.

புரட்டாதி முடிகிற நேரம். அன்று காலை கடலில் ஒரு சுருக்கம் இல்லை; எண்ணெய் ஊற்றிவிட்டது போலக் கிடந்தது. வள்ளத்தில் நானும் உங்கள் மாமாவும், அதாவது அம்மாவின் தமையன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. வாயைத் திறந்தால் ஒருவரையொருவர் கிண்டல்தான். கரையிலிருந்து ஒரு மைல் தள்ளி ஒரு மணல் திட்டு இருக்கிறதல்லவா, அதைத் தாண்டினால் பாரை மீன் கூட்டமாக நிற்கிறது என்று முதல்நாள் கேள்விப்பட்டிருந்தேன்.

திட்டுக்கு மேலே வந்தபோது மச்சான் எஞ்சினை மெதுவாக்கினான்.

"இதோட நிப்பம். எண்ணெய் பாதிதான் கிடக்கு."

"வரேக்க பாயில வருவம்தானே. விடு நேர."

அப்போது ஒரு தும்பி வந்து துடுப்பில் இருந்தது. பிறகு இன்னொன்று. தலைக்கு மேலே பார்த்தால் பத்துப் பதினைந்து, எல்லாம் கரைப்பக்கமிருந்து வந்துகொண்டிருந்தன.

"மச்சான், தும்பி வெளிக்கிட்டிட்டுது. வாடை வரப் போகுது, எதிர்க்காத்து," என்றான்.

"உன்ர தங்கச்சியும் இப்பிடித்தான். பல்லி சொன்னா வாசல் தாண்டமாட்டாள். அண்ணனுக்குத் தும்பி."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே எஞ்சினைக் கூட்டினான். அந்தச் சிரிப்புக்குப் பொறுப்பு நான்.

வலையை விட்டுவிட்டுச் சோளகத்துக்குக் காத்திருந்தோம். மதியம் வந்தது, காற்று வரவில்லை. ஒரு மணிபோல என் பிடரியில் குளிர்ந்தது. நான் கடலைப் பார்த்து இருந்தேன், பிடரி கரைப்பக்கம். திரும்பிப் பார்த்தபோது, தண்ணீரில் கறுப்பாக ஒரு கோடு கரையிலிருந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

மச்சான் வலையைப் பிடித்து இழுக்கத் தொடங்கினான்.

பாரை இருந்தது. பொய்யில்லை, நல்ல பாரை. ஆனால் வாடை வள்ளத்தை வெளியே தள்ள, வலை உள்ளே இழுக்க, ஒரு பாக நீளம் ஏற்றுவதற்கே கை விட்டுப்போனது. பாதி வலை ஏறியபோது மச்சான் கழுத்தில் கட்டியிருந்த பொலித்தீன் பையைப் பிரித்து மணிக்கூட்டைப் பார்த்தான். இரண்டேகால்.

"அறுப்பம்."

"இன்னும் கொஞ்சந்தான். பதினைஞ்சு நிமிஷம்."

"மச்சான், நாலு மணி."

"என்ர வலையடா!"

"ஓம், உன்ர வலைதான். நாளைக்கு நாப்பது வள்ளம் கரையில கிடந்தா அதுவும் உன்ரதான்."

அவனே கத்தியை எடுத்து அறுத்தான். மிதப்புகள் ஆடிக்கொண்டு வெளியே போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எஞ்சின் திட்டு வரைக்கும்கூட எங்களைக் கொண்டுவரவில்லை. இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. கானைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். ஒரு சொட்டு இல்லை. எங்கள் பாய் பின்காற்றுக்கு மட்டும் உதவுகிற பாய். எதிர்க்காற்றுக்கு அது வெறும் துணி. ஆளுக்கொரு துடுப்பை எடுத்தோம். பத்து முறை வலித்தால் ஒரு வள்ளத்து நீளம் முன்னேறுவோம். மூச்சு வாங்க நிறுத்தினால் அதைக் காற்று திருப்பி எடுத்துக்கொள்ளும். மற்ற வள்ளங்கள் எல்லாம் திட்டுக்கு உள்ளேயே தொழில் செய்து முன்னமே போய்விட்டன. சத்தம் போட்டாலும் கேட்க ஆள் இல்லை.

திட்டில் நெஞ்சளவு தண்ணீர். குதித்து இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தோம். காலில் சிப்பி வெட்டியது பிறகுதான் தெரியும். திட்டு முடிய மறுபடி ஆழம், மறுபடி துடுப்பு. மச்சான் நேரத்தைச் சொல்வதை நிறுத்திவிட்டான். நானும் கேட்கவில்லை.

ஒரு விஷயத்தை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். வாடை நிலத்திலிருந்து அடிக்கிற காற்று. கரையோரம் பனைகளும் வீடுகளும் அதை மறித்துவிடும். கரையில் நிற்பவனுக்குக் கடல் தட்டு மாதிரி அமைதியாகத்தான் தெரியும். அன்று கரை முழுக்கச் சனம் நின்றது. நாற்பது வள்ளத்துச் சனம். அவர்கள் எல்லோருக்கும் எங்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று தெரியும். சென்றியில் நின்றவனுக்குத் தெரியாது.

இடுப்பளவு தண்ணீருக்கு வந்ததும் நான் நங்கூரத்தைப் போட்டு வள்ளத்தை விட்டுவிட்டுக் கரைக்கு ஓட வெளிக்கிட்டேன்.

"ஓடாத!" மச்சானின் குரல் கீச்சிட்டது. "ஓடாத, ஓடாத! கையைத் தூக்கிக்கொண்டு நட."

அப்போதுதான் சென்றியில் துவக்கு எங்கள் பக்கம் திரும்பியிருப்பதைக் கண்டேன். கடலிலிருந்து ஓடிவருகிற ஆளை அவர்கள் யார் என்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

நடந்தோம். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, பூசைக்குப் போகிற மாதிரி மெதுவாக. நேரம் போகிறது, கால் ஓடச் சொல்கிறது, ஓட முடியாது. அந்த நூறு மீற்றர் தூரம் மாதிரி நீளமான தூரத்தை நான் பிறகு எங்கும் நடந்ததில்லை. உங்கள் அம்மா முன்னுக்கு நின்றாள். மூத்தவளே, நீ அப்போது அவள் வயிற்றில். அவள் ஒரு கையால் வயிற்றையும் மறுகையால் செபமாலையையும் பிடித்திருந்தாள்.

சென்றியில் நின்றவன் மணிக்கூட்டை எங்களுக்குக் காட்டினான். நான்கு மணி ஒன்பது நிமிஷம்.

"மாத்தயா, ஐயா, காத்து," என்றேன்.

அவன் கடலைப் பார்த்தான். கடல் பளபளவென்று அசையாமல் கிடந்தது.

"எங்க காத்து?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான். கோபமாகக்கூட இல்லை. உண்மையாகவே தேடிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டான். அட்டைகளைத் தந்தான். பிறகு சனத்தைப் பார்த்துச் சொன்னான்: "நாளை கடல் இல்ல. எல்லாம் வீட்டில."

அடுத்த நாள் காற்று விழுந்துவிட்டது. அந்த மாதம் அப்படித்தான். ஒருநாள் அடிக்கும், ஒருநாள் செத்துக் கிடக்கும். கூப்பிடு தூரத்தில் சூடை மீன் மழைத் துளி மாதிரித் துள்ளியது. நாற்பது வள்ளமும் மணலில் இருந்தன. ஆண்கள் வள்ளங்களின் நிழலில் இருந்து துள்ளுகிற மீனைப் பார்த்தார்கள். ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

அந்தப் பாரைகளை அம்மா ஒரு அலுமினியப் பேசினில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோனாள். நான் பின்னால் போனேன். பக்கத்து வீட்டு அக்கா ஒரு மீனை எடுத்துக்கொண்டு கேட்டாள்: "இண்டைக்கு நீங்கள் தாறியள். நாளைக்கும் மறிச்சா ஆர் தாறது, பிள்ளை?" அம்மா பேசினை இடுப்பில் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

மறியல் ஒருநாளோடு முடிந்தது. மூன்றாம் நாள் காலை மச்சான் ஒரு போத்தலோடு வந்தான். அவன் வீட்டு விளக்குக்கு வைத்திருந்த எண்ணெய். முன்பலகைக்குக் கீழே அதை வைத்து, நான்கு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினான்.

"தும்பியை நீ நம்ப வேண்டாம்," என்றான். "இதை நம்பு. போகேக்க நீ இதில கை வைச்சா, நான் உன்ர வள்ளத்தில ஏறமாட்டன்."

"உங்கட வீட்டில விளக்கு?"

"உன்ர தங்கச்சி கேட்டவள்தான்," என்றான். என் தங்கச்சியைத்தான் அவன் கட்டியிருந்தான். "உன்ர அண்ணர் தின்னக் குடுத்த பாரைக்கு விலை எண்டு சொன்னன்."

அன்றைக்குத்தான் மறுபடி சிரித்தோம்.

அந்தப் போத்தலை நான் கடலில் வைத்து ஒருநாளும் திறந்ததில்லை. அது வேண்டியிராத தூரத்தில் தொழில் செய்யப் பழகிவிட்டேன். ஆனால் ஒவ்வொரு புரட்டாதியும் பழைய எண்ணெயை விளக்குக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பிக் கட்டுகிறேன். நேற்றுக் கிணற்றடியில் மூன்று தும்பி கண்டேன்.

சங்கிலி கழுவியது யார் என்று நான் கேட்கமாட்டேன். நாளை விடிய நான் வள்ளத்துக்கு வருமுன் போத்தலைக் கழுத்துவரை நிரப்பி வையுங்கள். கயிறு நான்கு சுற்று.