இந்த ரீமாஸ்டரிலும் சிம்பல் காணோம்

தேவராஜ் பாவா போய்விட்டார். இன்று விடியற்காலை, மாரடைப்பு... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

பழைய ராக் ஆல்பம் எது ஒலியைத் துலக்கி ரீமாஸ்டர் ஆகி வந்தாலும் நம் பாட்டு குரூப்பில் முதல் கமெண்ட் போடுவாரே, அவர்தான். "வாங்காதீங்க. இதுலயும் சிம்பல் காணோம்."

பொதட்டூர்பேட்டையில் ஒரே பவர்லூம் ஷெட்டில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துத் தறி. நான் திருத்தணியிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறவன், அவருக்குப் பின்தெருவிலேயே வீடு.

சொந்தம் எல்லாம் கிடையாது. ஆனாலும் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் எனக்கு பாவா, அத்தான் முறை; நான் அவருக்கு மச்சான்.

லுங்கித் தறி ஓட்டுகிற ஆளுக்கு இங்கிலீஷ் பாட்டு எப்படிப் பிடித்தது என்று இன்பாக்ஸில் பலர் கேட்டிருக்கிறீர்கள். நானும் ஒரு தடவை கேட்டேன்.

"மெலடி போட்டா தறி முழுங்கிடுது மச்சான். இதான் தறிய எதுத்துகினு நிக்குது," என்றார்.

சென்னைக்கு லுங்கி பண்டல் ஏற்றிக்கொண்டு போனபோது பிளாட்பாரக் கடையில் ஒரு ராக் கேசட் வாங்கி வந்திருந்தார். எந்த பேண்ட் என்று எழுதினால் கமெண்ட்டில் சண்டை ஆரம்பித்துவிடும். இன்றைக்கு வேண்டாம்.

அதில் கடைசிப் பாட்டு. எல்லா வாத்தியமும் அடங்கின பிறகு, டிரம்ஸ்காரர் ஓரத்தில் இருக்கும் அந்தப் பித்தளைத் தட்டை, சிம்பலை, குச்சியால் லேசாகத் தொடுவார். 'ஸ்ஸ்ஸ்' என்று மெல்லிசாக ஓர் இழுப்பு... அதைக் கேட்பதற்காகவே பாவா முழு ஆல்பத்தையும் கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் உட்கார்ந்து கேட்போம். அந்த இடம் வந்ததும் விரலைத் தூக்கி, "வந்துச்சா?" என்பார். அவர் விரல் தூக்குவதைப் பார்த்ததுமே நான், "வந்துச்சு பாவா" என்பேன்.

அப்புறம் என்னவோ ஆரம்பித்தது. கேசட் தேய்ந்துவிட்டது என்று சிடி வாங்கினார். சிடியில் சிம்பல் காணோம் என்று ரீமாஸ்டர். அதிலும் காணோம் என்று இன்னொரு ரீமாஸ்டர்...

"ஒரே பொடவைய யாராச்சும் திரும்பத் திரும்ப வாங்குவாங்களா?" என்று அவர் மனைவி சுகுணா அக்கா கேலி செய்வார்.

நம் குரூப்பிலும் அப்போதெல்லாம் இதே பஞ்சாயத்துதான். பழைய பதிப்பே போதும் என்று ஒரு கோஷ்டி, புதுசு வாங்கித்தான் கேட்கவேண்டும் என்று ஒரு கோஷ்டி. சத்தத்தைக் கூட்டி, புது அட்டை போட்டு, பழைய பாட்டையே நம் தலையில் கட்டுகிறார்கள் என்பது என் கட்சி.

அந்தச் சண்டைக்கு நடுவில் யாரோ, "பாவா, முதல்ல காது டாக்டரைப் பாருங்க" என்று எழுதினீர்கள். அவரும் சிரிக்கிற ஸ்மைலி போட்டார்.

மறுநாள் சுகுணா அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"காதுதான் தம்பி. குக்கர் விசிலு கேக்கல, போன் அடிச்சா கேக்கல. எதிர்ல நின்னு பேசினாத்தான் புரியுது."

ஷெட்டில் இது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரியவும் தெரியாது. தறி ஓடுகிற சத்தத்தில் நாங்கள் வாயசைவையும் கைச்சாடையையும் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். காது கேட்கிறவனும் கேட்காதவனும் அங்கே ஒன்றுதான்.

"டாக்டராண்ட இட்டுகினு போலாமே அக்கா," என்றேன்.

"போனா தறிய வுடச் சொல்வாங்க. வுட்டுட்டு இன்னா பண்றது? அந்த சிடி மேலயே பழி போட்டுகினு இருக்கட்டும், வுடு."

அதற்கப்புறம் நானும் பாவாவிடம் டாக்டர் பேச்சை எடுக்கவில்லை.

போன வாரம், புதுசாக வந்த ரீமாஸ்டரை என் சாப்பாட்டுப் பையில் வைத்தார். தறிச் சத்தத்தில் வாயசைவுதான். "நீ கேட்டுட்டு சொல்லு. எனக்கு இதுலயும் காணோம்."

எப்போதும் இதைச் சொல்லும்போது சிடி கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே சொல்வார். அன்றைக்குத் திட்டவில்லை. கோளாறு காதில்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டதோ என அன்றிலிருந்தே எனக்கு மனசு சரியில்லை.

இன்று போனபோது தெருவில் எல்லா வீட்டிலும் தறியை நிறுத்தியிருந்தார்கள். உடலை எடுக்கும் வரை ஓட்ட மாட்டார்கள்.

தெருவே அமைதியாக இருந்தது. எனக்கு மட்டும் காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம்... அழுததால் இருக்கும் என்று நினைத்தேன்.

எல்லாம் முடிந்து, வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, அந்த சிடியைப் போட்டேன். கடைசிப் பாட்டு. எல்லாம் அடங்குகிற இடம் வந்ததும், பழக்க தோஷம், நானே விரலைத் தூக்கினேன்.

காணோம்.

திரும்பப் போட்டேன். வால்யூமைக் கூட்டினேன். காணோம்... பாவா சொன்னது சரிதான், சிடியில்தான் கோளாறு என்று ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்தது.

சமையல்கட்டில் இருந்த மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவள் மணவூர்க்காரி, தறி ஷெட்டுக்குள் கால் வைத்ததே இல்லை.

"இந்த எடத்துல எதனா கேக்குதா பாரு."

"ஆங், கேக்குதே. ஸ்ஸ்னு... ஏன், உங்களுக்குக் கேக்கல?"

"கேக்குது, கேக்குது," என்றேன்.

நாளை தறி ஓடும். காலை பஸ்ஸுக்குக் கிளம்பவேண்டும்... பயமாக இருக்கிறது.

குரூப்பில் கேட்டவர்களுக்கு: இந்த ரீமாஸ்டரை வாங்கலாம். சிம்பல் இருக்கிறது.

வந்துச்சு பாவா. போய் வாங்க.