வேர் பிடித்த கதியால்

உரும்பிராயில் எங்கள் வளவில் ஒரு முழம் தோண்டினால் கல் தட்டும். அதனால் குண்டு வீச்சுக்குப் பதுங்க எங்களுக்கென்று பங்கர் கிடையாது. சண்டை நடந்த அந்த வருடங்களில் சாப்பிடும்போதும் காது வானத்திலேயே இருக்கும். பொம்பர் விமானத்தின் இரைச்சல் கேட்டால் நானும் மனைவியும் நான்கு வயது மகளும், வேலியில் ஆள் நுழைய விட்டிருந்த பொட்டுக்குள்ளால் குனிந்து, பக்கத்து வீட்டு அக்காவின் பங்கருக்கு ஓடுவோம்.

அந்தப் பொட்டை நான்தான் அடைத்தேன். அக்காவின் ஆடுகள் அதற்குள்ளால் வந்து என் மிளகாய்க் கன்றுகளை மொட்டையடித்துவிட்டன. கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது.

ஐப்பசி மழை விழுந்ததும் கிளுவை மரத்தில் கைமொத்தத் தடிகளை வேலிக்கு நடும் கதியால்களாக வெட்டினேன். அடியைச் சரிவாகச் சீவி, வெட்டுவாய் காய இரண்டு நாள் நிழலில் போட்டு, தலையில் சாணி அப்பி, இரும்பு அலவாங்கால் குழி குத்தி நெருக்கமாக நட்டு இறுக்கினேன். அந்த ஈரக்காற்றில் ஒன்றும் பழுதாகாது.

"பொம்பர் வந்தால் எங்காலை ஓடுறது?" என்று மனைவி கேட்டாள்.

"வாசல் ஒழுங்கைப் பாதையாலை சுத்தி ஓடுவம். உந்தக் கதையை விடு."

ஒன்றரை மாதத்தில் எல்லாம் துளிர்த்தன. போவோர் வருவோரிடமெல்லாம் பெருமையடித்தேன்.

ஒரு நாள் காலை கிணற்றடியில் நிற்கும்போது பொம்பர் தலைக்கு மேல் இரைந்தது. மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு பழக்கத்தில் வேலிக்குத்தான் ஓடினாள். ஒழுங்கை எனக்கும் நினைவுக்கு வரவில்லை. மகளை இறக்கிவிட்டு இருவருமாக ஒரு கதியாலைப் பிடித்து இழுத்தோம். அசையவில்லை. அடுத்ததும் அசையவில்லை. அப்படி நன்றாக வேர் பிடித்திருந்தது. அன்றைக்குப் போல நான் ஒருநாளும் பயந்ததில்லை. வாய்விட்டு அழுதேன். எங்கோ குண்டு விழுந்து காலுக்குக் கீழே நிலம் ஆடியது.

"பிள்ளையை மேலாலை தாங்கோ!" அக்கா பங்கரை விட்டு ஓடிவந்து கத்தினார்.

மகளை வேலிக்கு மேலால் கொடுத்தோம். பிறகுதான் அலவாங்கை எடுத்துவந்து மூன்று கதியால்களைக் கிளப்பினேன். மண்ணோடு வெள்ளை வேர்கள் தொங்கின. அந்த வழியால் தவழ்ந்து போனோம்.

பங்கருக்குள் மகள் அக்காவின் கழுத்தை விடவில்லை. கிளுவை முள் கிழித்து மனைவியின் உள்ளங்கையெல்லாம் இரத்தம். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. பொம்பரைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரைச்சல் ஓய்ந்ததும் நான் எழுந்தேன். "வா, வீட்டை போவம்."

அவள் எழும்பவில்லை.

"உங்கடை வேலிக்குள்ளை நீங்களே போய் இருங்கோ. நானும் பிள்ளையும் இனி அக்கா வீட்டிலைதான்."