பொம்மிடி வராத புத்தகங்கள்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இன்று வந்து இந்த நினைவு மடலைக் கையில் வாங்கியிருக்கும் உங்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. பொம்மிடி கதையை அப்பாவிடம் கேட்காமல் தப்பித்த உறவினர் யாருமில்லை.

அப்பா இண்டூரில் பிறந்தவர். வானம் பார்த்த நிலம், கேழ்வரகும் கடலையும்தான் வெள்ளாமை. இளவயதில் தலைவரின் கட்சியில் சேர்ந்தார். தலைவர் ரயிலில் வருகிறார் என்று கேள்விப்பட்டு, சோறு கட்டிக்கொண்டு பொம்மிடி ஸ்டேஷனுக்குப் போனார். வண்டி நின்றதும் கதவோரம் வந்த தலைவர் தண்ணீர் கேட்டார். அப்பா கொடுத்தார். நடந்தது அவ்வளவுதான்.

கட்சி அப்பாவுக்கு ஒரு கிளைப் பொறுப்புகூடத் தரவில்லை. நிலத்தில் போர்வெல் போட்ட இடத்திலெல்லாம் புழுதிதான் வந்தது. "நீங்க அவருக்குத் தண்ணி குடுத்தீங்க. அவரு நமக்குக் குடுத்தாருங்களா?" என்று அம்மா கேட்பார்.

தலைவரின் வாழ்க்கை வரலாறு யார் எழுதி வந்தாலும் அப்பா தருமபுரிக்குப் பஸ் ஏறிவிடுவார். கடைக்காரர் அடுக்கி வைத்து, எது வேண்டும் என்று கேட்டால், "பொம்மிடி வர்றதா பாத்துக் குடுங்க" என்பார். எதிலும் வராது. அடுத்ததில் வரும் என்று நம்பி, கையில் எடுத்த புத்தகத்தையும் வாங்கி வருவார். நாங்கள் சிரித்தோம். தான் வாழ்ந்ததற்கு அந்த ஒரு வரியைத்தான் சாட்சியாக அவர் தேடினார் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

சர்க்கரை நோய் கண்ணைப் பறித்த பிறகு நான் வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு புத்தகமாக முடிய முடிய, "வந்துச்சா பாப்பா?" என்பார். கடைசியாக வாங்கிய தடித்த புத்தகத்திலும் இல்லை. அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, "நீயே சேத்துப் படிச்சிரு. அவுரு மனசு ஆறட்டும்" என்றார். அப்படியே செய்தேன். பொம்மிடியில் ஓர் இளைஞர் செம்பில் தண்ணீர் கொடுத்தார், தலைவர் அருந்தினார் என்று, இல்லாத வரியை வாசித்தேன்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "செம்புன்னா போட்டிருக்கு?"

"ஆமாங்கப்பா."

"செம்பு ஏது அன்னைக்கு? சோறு கொண்டுபோன தூக்குப்போசி மூடியிலதான குடுத்தேன். இது வேற யாரோ, பாப்பா. நான் இல்ல."

இத்தனை வருடம் கதை கேட்ட எங்களில் ஒருவரும், எதில் கொடுத்தீர்கள் என்று அவரிடம் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அப்பா எதையும் வாசிக்கச் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், அந்த மாதமே கண்மூடினார்.

கண் மருத்துவமனைக்கு அலைந்த பங்காளிகளுக்கும், கம்பைநல்லூரிலிருந்து வந்து அம்மாவுக்குத் துணையிருந்த பெரியம்மாவுக்கும், தலைமாட்டில் விழித்திருந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. புத்தகங்களில் ஒன்றை நினைவாக வைத்துக்கொள்ளலாம் என்றார் அண்ணன். எதை வைப்பது? எதிலும் அப்பா இல்லை. விரும்புகிறவர்கள் எடுத்துச் செல்லுங்கள்.

அப்பா, இந்த நினைவு மடலில் தூக்குப்போசி மூடி என்றே அச்சாகிவிட்டது. வாசித்துக் காட்டத்தான் நீங்கள் இல்லை.